வைத்தியக் கல்லூரிக்கு முன் எந்தப் பட்டம்?

அமெரிக்காவிற் குடியேறிய மகனிடமிருந்து ஒருநாள் தொலைபேசியிற் செய்தி வருகின்றது. பேர்த்தி பல்கலைக்கழகம் புகுந்துவிட்டாள். அங்கே வரலாறு படிக்கின்றாள். பட்டம் பெற்றபின் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகின்றாளாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பேரனாருக்கு இச்செய்தியின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வரலாறு படிப்பவள் வைத்தியராவது எங்ஙனம்? பிள்ளை வழி தவறிவிட்டாளோ என்று அவர் மனம் கலங்குகின்றது.

அவர் கலக்கம் இயல்பானதே. இலங்கையில் வைத்தியராக விரும்பும் மாணவர் உயர்தர வகுப்பிலேயே உயிரியலையும் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் எடுத்தாக வேண்டும். அப்பரீட்சையிற் பெறும் பெறுபேறே கதவைத் திறக்கும், அல்லது மூடும். கலைப்பிரிவைத் தேர்ந்த மாணவருக்கு அக்கதவு பதினாறு, பதினேழு வயதிலேயே அடைபட்டு விடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒழுங்கு வேறு. பாடசாலைக் கல்வி முடிந்ததும் மாணவர் நான்கு ஆண்டுகள் ஒரு பட்டப்படிப்பைப் படிக்கின்றனர். அதன்பின் வைத்தியக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள். அதற்கும் பின் வைத்தியசாலையில், துறைக்கேற்ப மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை பயிற்சி. பாடசாலையிலிருந்து நேரே வைத்தியத்துக்கு வழிவிடும் கூட்டுப் படிப்புகள் சில உண்டெனினும், பெரும்பாலோர் செல்லும் பாதை இதுவே.

இவ்வொழுங்கு எவ்வாறு தோன்றியது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளுட் பெரும்பாலானவை முன்பட்டம் எதையும் கேட்கவில்லை. கட்டணம் செலுத்தக் கூடியவரே மாணவர் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. 1893 இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரி, பட்டதாரிகளை மட்டுமே சேர்ப்பது என்று விதித்தது. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளை வாசிக்கும் ஆற்றலையும் வேண்டி நின்றது. தாம் பேராசிரியராக நுழைந்தது நல்லதாயிற்று, மாணவராக வந்திருந்தால் இடம் கிடைத்திராது என்று அங்கே கற்பித்த வில்லியம் ஒஸ்லர் வேடிக்கையாகச் சொன்னார் என்பர்.

1910 இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்பார் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவர் வைத்தியரல்லர், கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்றுப் பட்டம் பெற்றவர், பாடசாலை நடத்திய ஆசிரியர். வைத்தியம் பயிலுமுன் இரண்டாண்டு பல்கலைக்கழகக் கல்வியாவது வேண்டும், அதில் உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் அடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தரங்குறைந்த கல்லூரிகள் பல பின்னர் மூடப்பட்டன. இச்சீர்திருத்தத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கறுப்பின மாணவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் ஹவார்ட், மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. ஆயினும், விஞ்ஞான அடிப்படை இன்றி வைத்தியம் இல்லை என்னும் கொள்கை அன்றே வேரூன்றியது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். வைத்தியக் கல்லூரிகள் கேட்பது குறித்த சில பாடங்களையே அன்றி, குறித்த ஒரு பட்டத்தை அன்று. பொதுவாக, உயிரியல், பொது இரசாயனவியல், சேதன இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றை ஆய்வுகூடப் பயிற்சியுடன் ஒவ்வோராண்டு படித்திருத்தல் வேண்டும். உயிர் இரசாயனவியலையும், கணிதம், ஆங்கிலம் முதலியவற்றையும் பல கல்லூரிகள் எதிர்பார்க்கும். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறுபடும். இப்பாடங்களை முடித்த மாணவர் சிறப்புப் பாடமாக வரலாற்றைப் படித்தாலும், இசையைப் படித்தாலும், பொருளியலைப் படித்தாலும் தடையில்லை.

அடுத்த படி வைத்தியக் கல்லூரி நுழைவுப் பரீட்சை. 2015 இல் திருத்தியமைக்கப்பட்ட இப்பரீட்சை நான்கு பகுதிகளையுடையது. இரண்டு பகுதிகள் இயற்கை விஞ்ஞானங்களைச் சார்ந்தவை. மூன்றாவது, உளவியலையும் சமூகவியலையும் சோதிப்பது. நான்காவது பகுதியிலோ முன்னறிவு எதுவும் கேட்கப்படுவதில்லை. கலை, சமூகத் துறைகளைச் சார்ந்த உரைநடைப் பகுதிகளைத் தந்து, ஆசிரியர் கூற வந்தது யாது, அவர் வாதம் எங்கே தளர்கின்றது என்று வினவுவர். நான்கு பகுதிகளுக்கும் சமமான புள்ளிகளே. நோயாளி சொல்வதைக் கேட்டு, சொல்லாததையும் உணர வேண்டிய தொழிலுக்கு இத்தகைய வாசிப்பாற்றல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

அவ்வாறாயின் எந்தப் பட்டம் மேலானது? விண்ணப்பிப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் உயிரியல் துறையினர். கலைப்பாடங்களைச் சிறப்பாகக் கற்றோர் தொகையிற் சிறியவர். எனினும், அவர்கள் இடம்பெறும் விகிதம் உயிரியல் மாணவரினதை விடக் குறைந்ததன்று என்பதை அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணைகள் காட்டி வருகின்றன. இதைக் கண்டு, இலக்கியம் படித்தால் இடம் எளிதிற் கிடைக்கும் என்று முடிவு செய்வது தவறாகும். இலக்கியம் கற்றுக்கொண்டே சேதன இரசாயனவியலிலும் தேறி, இறுதிவரை தளராது விண்ணப்பம் வரை வருபவர் சிலரே. அச்சிலர் உறுதியுடையோர். அவர்களை உள்ளே சேர்ப்பது அவ்வுறுதியேயன்றிப் பட்டத்தின் பெயரன்று.

நியூயோர்க் நகரின் மவுன்ற் சைனாய் வைத்தியக் கல்லூரி 1987 முதல் ஒரு பரிசோதனையை நடத்தியது. பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டிலேயே கலைத்துறை மாணவர் சிலருக்கு அது இடம் உறுதிசெய்தது. நுழைவுப் பரீட்சையையும் வழமையான விஞ்ஞானப் பாடங்கள் சிலவற்றையும் அவர்களுக்கு விலக்கியது. 2010 இல் வெளியான ஆய்வின்படி, அம்மாணவர் வைத்தியக் கல்வியில் ஏனையோருக்கு நிகராகவே விளங்கினர். தேசியப் பரீட்சையின் முதற்படியில் மட்டும் அவர்கள் புள்ளிகள் சற்றுக் குறைந்திருந்தன. படிப்பை இடையில் நிறுத்தி விடுப்பெடுத்தோரும் அவர்களிடையே சற்றுக் கூடுதலாக இருந்தனர். கலைவழி வந்தோரால் முடியும். ஆனால் ஆரம்பத்தில் மூச்சு வாங்கும் என்பதே இதன் பொருள்.

தனி மனிதர் வரலாறுகளும் இதனை உணர்த்துகின்றன. ஹரோல்ட் வார்மஸ் ஆங்கில இலக்கியத்திற் பட்டமும் முதுமாணிப் பட்டமும் பெற்றவர். அதன்பின்னரே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றார். புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்காக 1989 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த போல் கலாநிதி ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் ஒருங்கே கற்று, பின் நரம்புச் சத்திரசிகிச்சையிற் பயிற்சி பெற்றார். 2015 இல் முப்பத்தேழு வயதில் புற்றுநோயால் மறையுமுன் அவர் எழுதிய நூல், நோயாளியாகிவிட்ட வைத்தியரின் உள்ளத்தை உலகுக்குக் காட்டியது.

இனி, கலைவழியின் சுமையையும் மறைத்தல் ஆகாது. உயிரியல் மாணவருக்கு வேண்டிய பாடங்களிற் பல தம் பட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வரலாற்று மாணவரோ இரண்டு சுமைகளைத் தூக்க வேண்டும். விஞ்ஞானப் பாடங்களின் சராசரிப் புள்ளி விண்ணப்பத்தில் தனியாகவும் கணக்கிடப்படுவதால், அங்கே சறுக்கினால் வரலாற்றில் பெற்ற சிறப்பு முழுவதும் ஈடு செய்யாது. பட்டம் முடிந்தபின் விஞ்ஞானப் பாடங்களை மட்டும் படிக்க உதவும் படிப்புகள் உண்டு. அவற்றுக்கு மேலும் ஓரிரு ஆண்டும் பெரும் பணமும் வேண்டும். கடன்பட்டு வைத்தியம் முடிப்போரின் கடன் சுமார் இரண்டு இலட்சம் டொலர் என்பதையும் மறக்கலாகாது.

இவை யாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 2023 இல் 52,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். சேர்ந்தவர் ஏறத்தாழ 23,000 பேர். பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாண்டு வெளியே நின்றனர். அவர்களுட் பலர் திறமையற்றவரல்லர். மறுப்புக் கடிதம் வந்த அன்று அப்பிள்ளையின் கையில் எஞ்சியிருப்பது அந்த நான்காண்டுப் படிப்பே. வைத்தியத்துக்கு ஏணியாகும் என்பதற்காக மட்டும் விருப்பமின்றி உயிரியலைக் கற்றவருக்கு, ஏணி சாய்ந்ததும் நிற்க நிலமில்லை. விரும்பிக் கற்றவருக்கோ, அது உயிரியலாயினும் வரலாறாயினும், ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ வாழ்வதற்கும், மறுமுறை முயல்வதற்கும் அது கைகொடுக்கும். உயிரியலில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளை, பலரும் படிக்கின்றனர் என்பதற்காக அதை விட்டு ஓடவும் வேண்டியதில்லை.

ஆகவே, பட்டத்தைத் தேரும் மாணவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். இப்பாடத்தை நான்காண்டு மனமுவந்து படிப்பேனா? அதனுடன் வேண்டிய விஞ்ஞானப் பாடங்களையும் நன்கு செய்ய நேரமும் வலுவும் உண்டா? வைத்தியம் கிடையாது போயினும் இப்படிப்பை வீணென்று எண்ணாதிருப்பேனா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் பட்டத்தின் பெயரைப் பற்றிக் கவலையில்லை.

பேரனார் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "பிள்ளை, ஏன் வரலாறு?" என்று கடிய வேண்டியதில்லை. "இரசாயனம் எப்படிப் போகிறது, மோனை?" என்று கேட்டால் போதும். அதன்பின் அவள் படிக்கும் வரலாற்றையும் சற்றுக் கேட்பாராயின், பேர்த்தி மனம் மகிழ்வாள். பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கம் வைத்தியருக்கு இன்றியமையாதது. அதை அவள் தன் பேரனாரிடமே கற்றுக்கொள்ளட்டும்.