நகைச்சுவை எப்போது புண்படுத்துகிறது?

சாவு, நோய், உடற்குறை, சாதி, மதம், போர் ஆகியவற்றைத் தொட்டாலே நகைச்சுவை தவறாகிவிடும் என்று ஒரு தரப்பு கருதுகிறது. நகைச்சுவைதானே, எதைப் பற்றியும் சொல்லலாம் என்கிறது மறுதரப்பு. இரண்டுமே பேசுபொருளோடு நின்றுவிடுகின்றன. சிரிப்பு யார் மேல் விழுகிறது, சொல்பவர் யார், எந்த நேரத்தில், யார் முன்னால் என்று பார்த்த பிறகே ஒரு நகைச்சுவையை எடைபோட முடியும்.

சிரிப்புக்குள் கேலி இருப்பதை முன்னோர் அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் எள்ளலை முதலாவதாக வைக்கிறது. ஆங்கிலேயத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ், 1651-இல் வெளிவந்த ‘லெவியத்தான்’ நூலில், பிறர் குறையைக் கண்டு தம்மை உயர்வாக எண்ணும் திடீர்ப் பெருமிதத்தைச் சிரிப்புக்குக் காரணமாகக் காட்டினார். சிரிப்பு இவ்வளவுதான் என்றால், துயரத்தைத் தொடும் நகைச்சுவை எல்லாமே இழிவுதான்.

ஆனால் துயரப்படுவோரே தம் துயரத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு இதில் விளக்கம் இல்லை. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஏந்தும் ஆயுதங்களுள் நகைச்சுவையும் ஒன்று என்று எழுதினார். விடுதலைக்குப் பின் நடக்கக்கூடிய வேடிக்கை ஒன்றை நாள்தோறும் கற்பனை செய்து சொல்லிக்கொள்வது என்று, முகாமில் தம்மோடு உழைத்த நண்பருடன் அவர் உடன்பாடே செய்துகொண்டார்.

அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் முன்வைத்த கொள்கை இந்த இரு நிலைகளையும் விளக்குகிறது. ஏதோ ஒரு நெறி மீறப்பட வேண்டும். அதே நொடியில் அந்த மீறல் தீங்கற்றது என்றும் தோன்ற வேண்டும். அப்போதுதான் சிரிப்பு வரும். வேண்டியவர் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கிற குழந்தை, அறியாதவர் கை வைத்தால் அலறுவது இதனால்தான். மீறல் மட்டும் தெரிந்து பாதுகாப்பு தெரியாதபோது நகைச்சுவை புண்ணாகிறது.

அந்தப் பாதுகாப்பைக் காலம் மாற்றுகிறது. 2012-இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயல் பற்றிய நகைச்சுவைகளை மெக்ரா குழுவினர் வெவ்வேறு நாள்களில் மக்களிடம் காட்டினர். புயலின் சேதம் தெரியவந்த நாள்களில் அவை அவ்வளவாகச் சிரிப்பூட்டவில்லை. சில வாரங்கள் கழித்து நன்றாகச் சிரிக்கவைத்தன. பின்னர் சுவை குன்றின. சார்லி சாப்ளின் 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் ஹிட்லரை நையாண்டி செய்தார். வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964-இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதினார்.

காலத்தைப் போலவே பார்ப்பவரும் முக்கியம். அரசியலமைப்பு எழுதும் பணி மெதுவாக நடப்பதைக் கேலி செய்து கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1949-இல் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். நத்தை மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். அதே சித்திரம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது 2012-இல் நாடாளுமன்றத்தில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அங்கே உறுப்பினராக இருந்த தொல். திருமாவளவனும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். வரைந்தவர் தாமதத்தைக் கேலி செய்திருக்கலாம். சாட்டையின் வலியைத் தலைமுறைகளாக அறிந்த மக்களுக்கோ அம்பேத்கரை நோக்கி ஓங்கிய சாட்டைதான் முதலில் கண்ணில் படும்.

சாதியைத் தொட்டும் புண்படுத்தாமல் சிரிக்கவைக்க முடியும் என்பதற்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சான்று. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில், நந்தனார் கதையின் சாயலில் ‘கிந்தனார்’ காலட்சேபம் நடத்தி, ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைச் சொன்னார். அந்தச் சிரிப்பு சாதி ஆணவத்தின் மேல் விழுந்தது, சிறுவன் மேல் விழவில்லை. நிறத்தையும் பருமனையும் திருநங்கையரையும் இலக்காக்கிப் பிற்காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் வந்த காட்சிகள் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் சிரிப்பின் சுமையைத் தாங்கியவர்கள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்கள்.

அத்தகைய கேலி அரங்கோடு முடிவதும் இல்லை. உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வுகள் இதைக் காட்டின. பெண்களை இழிவுபடுத்தும் நகைச்சுவையைக் கேட்ட பிறகு, பெண்கள் மேல் முன்பே வெறுப்புள்ளவர்கள் பாகுபாட்டை எளிதாகப் பொறுத்துக்கொள்கின்றனர். வெறுப்பு இல்லாதவரைச் சிரிப்பு வெறுப்பாளராக்குவதில்லை. வெறுப்பு உள்ளவருக்கு அது துணிவு தருகிறது.

இந்திய உச்ச நீதிமன்றமும் நகைச்சுவையில் இத்தகைய வேறுபாட்டை ஏற்றது. திரைப்படம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகள் சித்திரிக்கப்பட்ட விதம் பற்றிய வழக்கில், 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளிகளைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்து, முன்னதற்கு இடமளித்தது.

ஆகவே, தொடக்கூடாத பொருள் என்று நகைச்சுவைக்கு எதுவும் இல்லை. துயரத்துக்குக் காரணமானவற்றை நோக்கிச் சிரிப்பு திரும்பும்போது, துயரப்படுவோருக்கே அது வலிமை தருகிறது. துயரப்படுவோரை நோக்கித் திரும்பும்போது, ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்ற சமாதானம் எடுபடாது. சொல்லும் முன் ஒரு கேள்வி போதும்: இதில் இலக்கானவர் இங்கே உட்கார்ந்திருந்தால், அவராலும் சேர்ந்து சிரிக்க முடியுமா?