கைப்பைக்குள் அடங்கும் கேமரா

பாகூரிலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணில், சென்ற கோடை விடுமுறையில் ஒரு பழைய கேமரா கிடைத்தது. பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'வாகப் பணியாற்றிய அவளுடைய தாத்தா கொண்டுவந்தது. தோலுறை பச்சை பூத்துக் கிடந்தது. உடன் இருந்த பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ்கள் இருந்தன. அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். படைவீடு, கப்பல், தொப்பியணிந்த நண்பர்கள் எல்லோரும் தெளிவாக இருந்தனர். பாட்டி மட்டும் ஒன்றிலும் இல்லை.

அந்தப் பாட்டிக்கு வீட்டில் இருக்கும் படங்கள் இரண்டே. ஒன்று திருமணத்தன்று ஸ்டூடியோவில் எடுத்தது. மற்றொன்று ரேஷன் அட்டைக்காக எடுத்தது. வாழ்நாளெல்லாம் பாகூர் வயல்களில் நாற்று நட்டவரை, நடவு வயலில் வைத்து ஒருவரும் படமெடுக்கவில்லை. கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். தோழியின் அண்ணன் எடுத்த படங்களெல்லாம் அவன் கைப்பேசி வாய்க்காலில் விழுந்த அன்றே போயின. போதாக்குறைக்கு, பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரவும் நமக்கு அனுமதியில்லை! ஆகவே, பிலிம் கேமரா ஒன்றை நாள்தோறும் பையில் வைத்துச் செல்வதாயின் எதைத் தேர்ந்தெடுப்பது என்று நாங்கள் ஆராயத் தொடங்கினோம்.

முதலில் பார்க்கவேண்டியது எடையும் பருமனும். நம் வீடுகளில் அதிகம் காணப்படும் பழைய கேமரா ஆக்பா கிளிக் 3. பரோடாவில் தயாரான இப்பெட்டிக் கேமராவில் 120 பிலிம் போட்டால் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். எளிமையானதுதான், ஆனால் புத்தகப் பையில் அடங்காது. யாஷிகா எலெக்ட்ரோ 35 மிக நல்ல லென்ஸ் உடையது. எனினும் முக்கால் கிலோ எடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வில்லியனூர் பேருந்தில் ஏறிப் பாருங்கள்! மேலும் அதற்குரிய மெர்க்குரி பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. மாற்று ஏற்பாடு ஏதேனும் செய்தாக வேண்டும்.

எங்கள் அருட்சகோதரி ஒருவரிடம் ஒலிம்பஸ் டிரிப் 35 இருந்தது. 1984 வரை ஜப்பானில் தயாரான இக்கேமரா ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ளது. இதற்குப் பேட்டரியே வேண்டாம். லென்சைச் சுற்றியுள்ள வளையத்தினுள் செலினியம் இருக்கிறது. அதன்மேல் வெளிச்சம் பட்டால் சிறிது மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரமே ஒரு முள்ளை அசைத்து, லென்ஸ் எவ்வளவு திறக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். வெளிச்சம் போதாவிட்டால் வியூ ஃபைண்டரில் ஒரு சிவப்புத் தகடு எழும்பும், ஷட்டரும் பூட்டிக்கொள்ளும். பிலிம் வீணாகாது. பிலிம் விலையை அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும். தூரத்தைக் கணிக்கவும் கணக்குத் தேவையில்லை. தலை, இருவர், கூட்டம், மலை என நான்கு சின்னங்கள் உள்ளன. அண்ணாச்சி கடை வாசலில் நிற்பவர்க்கு ஒரு சின்னம், ஊசுட்டேரிக்கு ஒரு சின்னம், அவ்வளவே.

இதையும்விடச் சிறியது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. மைத்தானி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் உருவாக்க, 1979-ல் வெளிவந்தது. லென்சை மூடும் தகடு கேமராவுடனே இருப்பதால் உறை தேவையில்லை. ஆனால் அதன் உள்ளுறுப்புகள் மின்னணுவால் இயங்குபவை. கெட்டுப்போனால் சரிசெய்பவரைத் தேடி அலையவேண்டும். கைச்செலவுக்குச் சேர்த்த பணத்தில் வாங்குவோர் இதை யோசிக்கவேண்டும். யாஷிகா எம்எஃப் 2 நம் நாட்டில் ஒரு காலத்தில் வீடுதோறும் என்னும்படி இருந்தது. இரண்டு பென்சில் பேட்டரி போதும், ஃபிளாஷும் உண்டு. குறை என்னவெனில், தூரத்தை மாற்றவியலாது. வில்லியனூர்க் குயவர் களிமண் பிசையும் விரல்களை அருகே சென்று எடுத்தால், விரல்கள் மங்கிப் பின்னாலுள்ள சுவர் தெளிவாக விழும்.

இன்னொரு வகை, அரைச் சட்டகக் கேமரா. ஒவ்வொரு படமும் வழக்கமான அளவில் பாதியே கொள்வதால், 36 படங்களுக்கான பிலிமில் 72 எடுக்கலாம். அதே மைத்தானி உருவாக்கிய ஒலிம்பஸ் பென் 1959-ல் இதற்காகவே வந்தது. பிலிம் விலை மீண்டும் ஏறியுள்ள இக்காலத்தில், 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய அரைச் சட்டகக் கேமராவே வந்துவிட்டது. ஆனால் 72 படம் முடியுமுன் நமக்குத் தேர்வே வந்துவிடும்!

பழையதை வாங்கும்போது விலையைவிட உட்புறத்தைப் பாருங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் லென்சினுள் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல்போல் தெரியும், தெரிந்தால் வாங்காதீர்கள். பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாதபடி ஒட்டியிருக்கும் பஞ்சு தார்போல் ஒட்டினால் அஞ்சவேண்டாம். அதைச் சுரண்டியெடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை அப்பள்ளத்தில் பதித்துவிடலாம். கைவேலை வகுப்பு இங்கே கைகொடுக்கும். டிரிப் 35 ஆனால், வெயிலில் ஒருமுறையும், வளையத்தைக் கையால் மூடி ஒருமுறையும் அழுத்துங்கள். வெயிலிலும் சிவப்புத் தகடு எழுந்தால் செலினியம் செத்துவிட்டது என்று பொருள். வாங்கியபின் தோலுறையில் பூட்டி அலமாரியில் வைக்காதீர்கள். தாத்தாவின் கேமராவைக் கெடுத்தது அதுவே. சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் வையுங்கள். டிபன் பாக்ஸின் அருகே வைக்கவே கூடாது. ஏன் என்று தயிர்ச்சோறு கொண்டுவருவோரைக் கேளுங்கள்.

பிலிமைப் பற்றி ஒரு சொல். ஏஎஸ்ஏ எண் உயர உயர, குறைந்த வெளிச்சம் போதும். நம் ஊர் வெயிலுக்கு 200 தாராளம். மழைக்காலத்துக்கு 400 நன்று. நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் சற்று மிகுந்தால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. நண்பகலில் முகத்தில் கண்ணிருக்கும் இடம் கருங்குழியாகிவிடும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் எடுப்பதே முறை. கழுவுவதற்குப் பெருநகர லேப்புக்குத் தபாலில் அனுப்பினோம்.

இத்தனையும் கற்றபின் நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். அருட்சகோதரி டிரிப் 35-ஐ இரவல் தந்தார். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் வரும் வில்லியனூர் லூர்தன்னைத் திருவிழாவில் தேர்பவனியையும் திருக்குளத்தையும் எடுத்துப் பழகினோம் என்று நம்பினோம். அதே ரோலை வைத்துக்கொண்டு, ஐப்பசியில் பாகூர் சென்று, பாட்டி நாற்றுக்கட்டை அவிழ்ப்பதையும் குனிந்து நடுவதையும் எடுத்தோம். எண்காட்டி 36-ஐக் கடந்து 38-ஐக் காட்டியது. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்கவேண்டாமா? கழுவி வந்த பிலிமில் ஒரு படமும் இல்லை. பிலிமின் நுனி சுழலும் உருளையில் பற்றாமல் நழுவியிருந்தது. அத்தனை மாதமும் அது நகரவேயில்லை.

இதைத் தவிர்க்க வழி மிக எளிது. பிலிமைப் போட்டு மூடியபின், இடப்பக்கம் மேலே உள்ள சுற்றுக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பித் தளர்ச்சியை நீக்குங்கள். பின்பு அடுத்த படத்துக்காகச் சக்கரத்தைத் தள்ளும்போது அக்கைப்பிடியும் தானே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் பிலிம் நகர்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொடி பார்த்தால் போதும்.

பாட்டி இப்போது முழங்கால் வலியால் வயலில் இறங்குவதில்லை. விஷயத்தைச் சொன்னபோது, "வரப்புல உக்காந்து களை பிரிக்கிறேன், அத எடுங்கடி" என்றார். மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்றோம். 200 ஏஎஸ்ஏ பிலிம். சின்னத்தை 'இருவர்' என்பதில் வைத்தோம். ஒவ்வொரு முறையும் கைப்பிடி சுழன்றதை மூவரும் எட்டிப் பார்த்துக்கொண்டோம். அந்த ரோலில் இன்னும் பதினொரு படங்கள் மீதியிருக்கின்றன.