அச்சு யார் கையில்?

செங்கல் சூளையில் அச்சுப் பலகை பிடித்த கைகள் நம்முடையவை. மண் ஒட்டாமலிருக்க அச்சில் மணல் தூவுவதையும், பலகையைச் சாய்க்காமல் நேராகத் தூக்குவதையும் நம் பெண்களுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. அதே வேலைதான் ஃபைபர் பட்டறையிலும் நடக்கிறது. ஆனால் அங்கே அச்சு நம் பிள்ளைகளின் கைக்கு வருவதில்லை.

அண்மையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தோம். பேருந்து பம்பர், தொட்டி மூடி, அண்ணல் அம்பேத்கரின் மார்பளவுச் சிலை எல்லாம் வார்க்கிறார்கள். மேட் வைத்து ரெசின் தடவுவதும், காய்ந்ததைக் கிரைண்டரில் அறுப்பதும் காலனிப் பையன்கள். அச்சு செய்யும் அறைக்குள் மேஸ்திரியும் அவருடைய சொந்தக்காரர்களும் மட்டும். அண்ணலின் சிலைக்கும் இதே ஏற்பாடுதான்!

அந்த அறையில் அப்படி என்ன நடக்கிறது? முதலில் மரத்திலோ பிளாஸ்டரிலோ மூலவடிவம் செய்து, தண்ணீர்த்தாள் போட்டுக் கண்ணாடி போலத் தேய்க்கிறார்கள். அதில் ஒரு கீறல் இருந்தால் வார்க்கும் ஒவ்வொரு பொருளிலும் அது விழும். பிறகு பல முறை மெழுகு, பி.வி.ஏ. பூச்சு, ஜெல்கோட், அதன்மேல் மேட். ஒரே நாளில் கனத்தை ஏற்றினால் சூடேறி அச்சு வளைந்துவிடும்.

தொட்டி மூடி எளிது. பக்கங்கள் சற்றே சரிவாக இருந்தால் கழன்று வந்துவிடும். சிலை அப்படியல்ல. காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, கோட்டுக் காலருக்கு அடியில் பொருள் அச்சோடு பூட்டிக்கொள்ளும். எந்தக் கோட்டில் பிரித்தால் எல்லாத் துண்டும் தடையின்றிக் கழலும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில் களிமண்ணால் சுவர் எழுப்பி ஒரு பக்கத்தை வார்க்கிறார்கள். சுவரை எடுத்துவிட்டு, விளிம்புக்கும் மெழுகு பூசி மறுபக்கம். விளிம்பில் துளையிட்டு போல்ட் போட்டால் அச்சு தயார். மூக்குக்கண்ணாடி தனியாக வார்த்து ஒட்டப்படுகிறது.

“பத்து வருசமா ரெசின் தடவுறேன் அண்ணே. எங்க பிரிக்கணும்னு பாத்தாலே தெரியும். வாயத் தொறந்தா, உன் வேலையப் பாருங்கறாங்க” என்றார் ஒரு தம்பி. அவர் முகத்தில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. ஸ்டைரீன் ஆவியை அது தடுக்காது. கார்பன் வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். காட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். உடனே கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கோபால்ட்டையும் காட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே காட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இதையும் அங்கே எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மாணவர்கள் கவனிக்க: சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் நிறுவனத்தில், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு உண்டு. சொந்தமாகப் பட்டறை வைக்க விரும்புவோருக்கு, தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

அந்தத் தம்பி இப்போது வீட்டுத் திண்ணையில் தொட்டி மூடி ஒன்றுக்கு மூலவடிவம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மா சூளையில் கல் அறுப்பவர். மகன் மெழுகு பூசுவதைப் பார்த்து, “நாங்க மணல் தூவுற மாதிரியா?” என்று கேட்டாராம்.