ஏரிக்கரையில் ஒரு நாள்

கிறிஸ்து பிறப்பு விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்லப் பெற்றோர் விரும்புவது இயல்பே. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காடு அதற்கு ஏற்ற இடம். 1515-ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயத்தில் திருப்பலியில் பங்குபெற்று, ஏரிக்கரையில் கூடாரமிட்டுக் கட்டுச்சோற்றை அவிழ்த்து, ஆழமற்ற நீரில் இரைதேடும் பூநாரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், இவ்வாறே விழா மகிழ்ச்சியோடு வந்தவர்கள் ஏறிய படகு இவ்வேரியில் கவிழ்ந்தது. சிறுவர் உட்பட 22 பேர் மாண்டனர். ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரப் பகுதியில் நீரோட்டம் வலிது. மேலே தோன்றும் அமைதியை நம்பலாகாது. மீனவரின் படகு வலைக்கும் மீனுக்கும் அமைந்தது. உல்லாசப் பயணத்திற்கு அன்று.

அம்மீனவரிடமே நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. நல்ல மீன்பிடி இடங்களை முந்தியவர் கைப்பற்றிக்கொள்ளாமல், முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் அவர்களிடையே தலைமுறைகளாக உள்ளது. தம் முறை வரும்வரை அவர்கள் பொறுத்திருப்பர். நாமோ, “இன்னும் இருவர் ஏறலாமே” என்று படகுக்காரரை நெருக்குகிறோம்!

ஆகவே பெற்றோரே, கரையோடு நின்றுவிடுங்கள். பிள்ளைகளைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். குப்பையைக் கரையில் விடாது எடுத்துச் செல்லுங்கள். மீனவர் பிழைப்பு அந்நீரில்தான் இருக்கிறது. வீடு திரும்பியதும், அந்த 22 பேருக்காகவும் குடும்பச் செபத்தில் மன்றாடுங்கள்.