வானத்தை அறிதலும் ஊரைக் காத்தலும்

எங்கள் ராயகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அம்மலைமேல் கருமேகம் கவிந்தால், ஊரில் ஒரு துளி விழாவிட்டாலும், "ஓடையைக் கடக்க வேண்டா" என்று முதியவர்கள் கூறுவார்கள். மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் ஓடையில் வெள்ளமாக இறங்கிவிடும் என்பது அவர்கள் பட்டறிவு. அவர்கள் வானத்தையும் அறிந்திருந்தார்கள், ஓடையையும் அறிந்திருந்தார்கள். ஆதலால் அவர்களுக்கு முடிவு செய்தல் எளிதாயிற்று.

இன்று இவ்விரண்டு அறிவும் வேறு வேறு இடங்களில் உள்ளன. வானத்தை ஆராய்பவர்கள் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தில் இருக்கிறார்கள். பள்ளியை மூடுவதா, மக்களை மேட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்பவர்கள் மாவட்ட ஆட்சியரும் அவர்கீழ்ப் பணிபுரியும் அலுவலர்களும் ஆவர். இவ்விரு சாராரையும் இணைப்பது எது? அதனையே இன்று காண்போம்.

முதலில் இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும். ஒரு நாளில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டால் அதி கனமழை. இவற்றோடு நிறங்களும் உண்டு. மஞ்சள் என்றால் "நிலைமையைக் கவனி"; ஆரஞ்சு என்றால் "ஆயத்தமாக இரு"; சிவப்பு என்றால் "செயலில் இறங்கு". நிறம் மழையின் அளவை மட்டும் கூறுவதன்று. நாம் செய்ய வேண்டியதையும் கூறுகிறது.

புயலுக்கு அறிவிப்பு படிப்படியாக வரும். ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன் உயர் அதிகாரிகளுக்கு முதற்குறிப்பு செல்லும். பின்னர் 48, 24, 12 மணி நேரத்திற்கு முன் மேன்மேலும் தெளிவான செய்திகள் வரும். இதன் பயன் யாது? 1999ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அதே கடற்கரையில் பைலின் என்னும் கடும்புயல் வந்தது. முன்னறிவிப்பை நம்பி, ஏறத்தாழ பத்து லட்சம் மக்களை முன்னரே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது. புயலின் கடுமை குறையவில்லை, மனிதர் முந்திக்கொண்டனர்.

ஆனால் எல்லாப் பேரிடரும் புயலைப்போல் பெயர் சூட்டிக்கொண்டு வருவதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் நம் தென்மாவட்டங்கள் கண்டது புயல் அன்று. குமரிக்கடற் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியே. பெருமழை பற்றிய எச்சரிக்கை வந்தது; நான்கு மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. அதி கனமழை தொடங்கும் அளவைப்போல் இது நான்கு மடங்குக்கும் மேல்! இத்தகைய மிகுதியை இன்ன ஊரில் இன்ன நேரத்தில் என்று வரையறுத்துக் கூறுதல் மிக அரிது.

அந்நேரத்தில் களத்தில் நிற்பவரின் முடிவே உயிர் காக்கும். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையும் சல்லியையும் வெள்ளம் அரித்திருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் துன்புற்றனர். ஆனால் உயிர் பிழைத்தனர்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் கூற வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு கார்த்திகை நாளில், "மிகக் கனமழை பெய்யக்கூடும்" என்ற செய்தி கேட்டு, ஓடைக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகளைப் பிற்பகல் இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டேன். மழை பெய்யவில்லை. பெற்றோர் சிலர் நகைத்தனர். அடுத்த முறை அதே செய்தி வந்தபோது அந்த நகைப்பே என் காதில் ஒலித்தது. நான்கு மணி வரை காத்திருந்தேன். அதற்குள் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. பிள்ளைகள் அன்றிரவு பள்ளியிலேயே தங்கினர். தாய்மார்கள் அக்கரையில் விளக்கோடு நின்ற காட்சியை நான் மறக்கவில்லை. அறிவிப்புப் பிழைபடவில்லை, நானே பிழைபட்டேன்.

"பெய்யக்கூடும்" என்பது வாக்குறுதி அன்று. வாய்ப்பைக் கூறும் சொல். அதைக் கேட்டவர் தம்மையே இரண்டு வினாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பெய்யாவிட்டால் நாம் இழப்பது என்ன? ஆயத்தமின்றி இருக்கும்போது பெய்துவிட்டால் இழப்பது என்ன? முன்னது இரண்டு மணி நேரப் பாடம். பின்னது ஒரு பிள்ளையின் உயிராக இருக்கலாம்.

மாணவர்களே, சென்னையில் இருப்பவர்க்கு உங்கள் ஊரின் பள்ளத் தெரு தெரியாது. எந்தக் குளம் முதலில் மறுகால் பாயும் என்பதும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவர்கள் வானத்தைப் பற்றிக் கூறட்டும். அதைக் கேட்டவுடன், "நம் ஊரில் முதலில் நீர் சூழும் வீடு எது? அங்கே இருப்பவர் யார்?" என்று நீங்கள் கேளுங்கள். அவ்வினா எழும் ஊரில்தான் முன்னறிவிப்பு முழுப் பயன் தரும்.