காலித் தட்டை நம்பாதீர்கள்: பல பிராணிகள் உள்ள வீட்டில் வயதான நாயின் சாப்பாடு

வீட்டில் ஒரே ஒரு நாய் இருந்தால், அது சாப்பிட்டதா இல்லையா என்பது தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பதினோரு வயது லாப்ரடார், போன வருஷம் தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டுக் குட்டி, கூடவே ஒரு பூனை என்று மூன்றும் ஒரே கூடத்தில் புழங்கும் வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. ராத்திரி வைத்தது காலையில் இல்லை. சரி, தின்றது யார்? கிழம் இரண்டு வாய் எடுத்துவிட்டு நகர்ந்திருக்கும், மீதியைக் குட்டி வழித்து நக்கியிருக்கும். "நல்லா சாப்பிடுதா?" என்று கால்நடை மருத்துவர் கேட்கும்போது, "தட்டு காலியாயிடுது சார்" என்போம். அவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. வயதான நாயின் நோய்களில் பல முதலில் சாப்பாட்டிலும் தண்ணீரிலும்தான் தலைகாட்டும். பொதுத் தட்டு அதை மறைத்துவிடுகிறது.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

பெரிய இன நாய்கள் ஏழு வயதிலேயே முதுமையைத் தொடும். பாமரேனியன் போன்ற சின்ன நாய்கள் பத்து வயது வரை தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் சாப்பாட்டில் வரும் மாற்றத்தை "பிடிவாதம்", "குட்டி வந்த பொறாமை", "சிக்கன் ருசி கண்டுடுச்சு" என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். பொறாமையும் இருக்கலாம். ஆனால் வலி இல்லை என்று உறுதியான பிறகு அதைப் பேசலாம்.

கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காரை படிந்து, ஈறு சிவந்து, வாய் நாறினால் மெல்லும்போது வலிக்க வாய்ப்பு அதிகம். சாப்பிடும் நேரத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே கடைவாயில் மெல்லும். உலர் உணவை வாயில் எடுத்து, தரையில் போட்டு, மறுபடி நக்கி எடுக்கும். சில நாய்கள் மெல்லாமலே முழுங்கப் பார்க்கும். அப்படிச் சிந்துகிற நாலைந்து துண்டுகளுக்காகத்தான் குட்டி பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. பாதிச் சண்டைகள் அங்கேதான் பிறக்கின்றன.

அடுத்தது மூட்டு. கழுத்தும் முன்னங்கால்களும் வலிக்கும் நாய்க்குத் தரையில் உள்ள தட்டுக்குக் குனிவது கஷ்டம். அதிலும் வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால், இரண்டு வாய் தின்றதும் போதுமென்று போய்ப் படுத்துவிடும். தட்டுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்போ பழைய சாக்கோ போட்டுப் பாருங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தில் சில நாய்கள் முழுச் சாப்பாட்டையும் முடித்துவிடும். தட்டைச் சற்று உயர்த்தி வைப்பதும் உதவும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு உயர்த்துங்கள். வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அந்த இனங்களுக்கு அதிகம்.

வயதாகும்போது மோப்பமும் மங்கும். உலர் உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் மணமும் எழும், பல்லுக்கும் மெதுவாக இருக்கும். சித்திரை வெயிலில் எந்த நாயும் மத்தியானம் மந்தமாகத்தான் சாப்பிடும். அந்த மாதங்களில் விடிகாலையும் பொழுது சாய்ந்த பிறகும் வைப்பது நல்லது.

பசி திடீரென்று கூடினால்

குறைவாகச் சாப்பிட்டால் பதறுகிற நாம், அதிகமாகச் சாப்பிட்டால் சந்தோஷப்படுகிறோம். அது தவறு. நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். பசியும் தாகமும் கூடி, வயிறு தொங்கி, மூச்சிரைத்து, முடி மெலிந்தால் குஷிங் நோயாக இருக்கலாம். அரிப்புக்குத் தரும் ப்ரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளும், வலிப்புக்குத் தரும் பீனோபார்பிடாலும் பசியைக் கிளப்பிவிடும். இவை எதுவும் இல்லாமல், தின்ற அரை மணியில் மறுபடி தட்டடியில் வந்து நிற்பது, சுவரை வெறித்துப் பார்ப்பது, பகலெல்லாம் தூங்கி ராத்திரி நடமாடுவது என்று சேர்ந்து வந்தால் மூளை தளர்கிறது என்று பொருள். தான் சாப்பிட்டதே அதற்கு நினைவில்லை.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள ஒரு மரபணுவில், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பிழை இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்கள் நாய் வாழ்நாள் முழுக்கப் பறந்து பறந்து தின்றால் அதற்குப் பிறவிக் காரணம் இருக்கலாம். இரக்கப்பட்டுக் கூட வைக்காதீர்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை சுமார் இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

விலாவில் கை வைத்துத் தடவினால் எலும்புகள் லேசாக விரலில் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான உடம்பு. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு விலா கண்ணுக்கே தெரியும். அது அந்த இனத்தின் வாகு. "ஏன் இப்படிப் பட்டினி போடுறீங்க?" என்று கேட்கும் விருந்தாளியைப் பொருட்படுத்த வேண்டாம்.

உறுமினால் அடிக்காதீர்கள்

இத்தனை வருஷம் சாதுவாக இருந்த நாய் தட்டருகே வந்த குட்டியைப் பார்த்து உறுமுகிறது. உடனே அதன் தலையில் ஒரு தட்டு தட்டுகிறோம். உறுமல் அதன் கடைசி மொழியல்ல, நடுவில் வருவது. அதற்கு முன்பே உடம்பு விறைக்கும், வேகவேகமாக விழுங்கும், தட்டின்மேல் கவிந்துகொள்ளும், கடைக்கண்ணால் பார்க்கும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். "பழகட்டும்" என்று சாப்பிடும்போது தட்டுக்குள் கைவிட்டு அளைவதும் கூடாது. அதற்குப் பதில், தள்ளி நின்றபடியே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியைத் தட்டில் போட்டுவிட்டுப் போங்கள். ஆள் வந்தால் சாப்பாடு கூடும், குறையாது என்பது சில நாட்களில் அதற்குப் பிடிபடும்.

நாய்கள் கட்டிப் புரண்டால் நடுவில் கையை விடாதீர்கள். பலகையோ தலையணையோ நடுவில் செருகலாம், தண்ணீரை விசிறலாம். பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேபீஸ் விஷயத்தில் "நம்ம வீட்டு நாய்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தனித் தட்டு போதாது, தனிக் கதவு வேண்டும்

"மூத்ததுக்கு முதலில் வைத்தால் மற்றவை அடங்கிவிடும்" என்று பலர் சொல்வார்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவன் என்ற பழைய ஓநாய்க் கோட்பாட்டின் மிச்சம் இது. 1970-ல் தன் புத்தகத்தால் அதைப் பரப்பிய டேவிட் மெக் என்ற விஞ்ஞானியே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் திருத்தி எழுதினார். யாருக்கு முதலில் என்பதைவிட, நடுவில் ஒரு கதவு இருக்கிறதா என்பதே முக்கியம்.

கிழத்துக்குப் படுக்கையறை, குட்டிக்குச் சமையல்கட்டு, பூனைக்கு மேடை. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மெதுவாக மெல்லும் கிழத்துக்கு இருபது நிமிடம் கொடுங்கள். பிறகு எல்லாத் தட்டையும் எடுத்து, தரையைத் துடைத்து, அப்புறம் கதவைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் மிச்சத் தட்டுக்கே சண்டை வரும். ஒரே அறை கொண்ட வீட்டில் குட்டியை வாசலிலோ மாடியிலோ கட்டிப்போட்டு வைக்கலாம். நாள் முழுக்கத் தட்டு நிறையப் போட்டுவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டே ஆக வேண்டும். இரண்டு அல்லது மூன்று வேளை, அளந்து வையுங்கள். வீட்டுச் சமையல் என்றாலும் ஒரே கரண்டியால் அளக்கலாம்.

தண்ணீர்தான் தந்திரமான விஷயம். சிறுநீரகம் பழுதாகும்போது நாய் அதிகமாகக் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் கழிக்கும். பொது வாளி இருந்தால் இது தெரியவே தெரியாது. ஒரு நாள் மட்டும் அதற்குத் தனியாக அளந்து வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால், அதாவது 20 கிலோ நாய் இரண்டு லிட்டரைத் தாண்டினால், ரத்தப் பரிசோதனை அவசியம். ஆனால் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

மாற்றித் தின்பதில் உள்ள ஆபத்து

பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். வயதான நாய் அதைத் திருடித் தின்றால் எடை கூடும், வாந்தி பேதி வரும், கணையம்கூட வீங்கலாம். பூனை நாய் உணவிலேயே வாழ்ந்தாலும் கெடுதல்தான்: அதற்கு வேண்டிய டாரின் சத்து அதில் போதாமல் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். குட்டி உணவில் பாஸ்பரஸ் கூடுதல். சிறுநீரகக் கோளாறுள்ள கிழத்துக்கு அது ஆகாது. கிழத்துக்கு எழுதிக் கொடுத்த சிறுநீரக உணவில் குட்டி வளராது. பூனையின் மலத் தட்டையும் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெங்காயம் போட்ட சாம்பார் சாதம், திராட்சை கிடக்கும் பாயசம், சாக்லேட், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றை எந்த நாய்க்கும் தரக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். உண்ணி ஏறிய நாயாக இருந்து, காய்ச்சலோடு ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே போங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சாதாரணம், வயதான உடம்பை வேகமாகச் சாய்த்துவிடும். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் நடு ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். நாய்க்குப் பயந்து பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் அதன் கல்லீரலுக்கே ஆபத்து, அதையும் சேர்த்துத் தூக்கிப் போங்கள்.

போகும்போது மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும்: வைத்த அளவும் மிஞ்சிய அளவும், ஒரு நாள் குடித்த தண்ணீர், நாய் சாப்பிடுவதைச் செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. ஊர்க் கால்நடை மருந்தகமோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோ, எங்கே போனாலும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.