தள்ளாட்டம் ஏன்? காரணத்தைத் தேடுங்கள்!

விடியற்காலை இருட்டில் வேலைக்குக் கிளம்பும்போது கால் தள்ளாடுகிறதா? முகம் கழுவக் கண்ணை மூடினால் உடல் சாய்கிறதா? மனம் ஒன்றில் நிற்காமல் சொன்னதெல்லாம் மறந்துபோகிறதா? "பித்தம்", "வயசாகிவிட்டது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

இதற்குக் காரணங்கள் பல. உள்காதுக் கோளாறு, இரத்த அழுத்தம், சோகை ஆகியவற்றைப் பலரும் அறிவர். பலர் அறியாதது, பி-12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவு. நரம்புகளின் மேலுறையைக் காப்பது இச்சத்துதான். அது குறைந்தால் பாதம் மரத்துப்போகும். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கால் எங்கே பதிகிறது என்பது மூளைக்குச் சரியாக எட்டாது. பகலில் கண் துணை செய்யும். இருட்டில் தள்ளாட்டம் கூடும்.

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இச்சத்து உண்டு, காய்கறியில் இல்லை. ஆகவே சுத்த சைவர்களும், இனிப்பு நீருக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லி இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். போலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டால் சோகை மறையலாம். நரம்புக் கேடோ உள்ளே வளரும்.

தள்ளாட்டம் எப்போது வருகிறது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குறை தெரிந்தால் ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யலாம். காலம் கடத்தினால் நரம்பு முழுதும் தேறாமல் போகலாம்.

திடீரெனத் தள்ளாடி, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் சோர்ந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்!